கார்புரேட்டரைக் கழற்றாத மெக்கானிக்: காரைக்குடியில் ஒரு பட்டறை

கடைக்கு போர்டு கிடையாது. கூகுள் மேப்பிலும் கிடையாது. காரைக்குடி கழனிவாசல் பக்கம், ஒரு பழைய செட்டியார் வீட்டின் கார் செட்தான் பட்டறை. வீட்டுக்காரர்கள் சென்னையில் இருக்கிறார்கள். படைப்புக்கோ கல்யாணத்துக்கோ வந்தால் வீடு திறக்கும், மற்ற நாளில் புறாக்கள்தான் குடித்தனம். நீலத் தகரக் கதவு பாதி திறந்திருந்தால் மெக்கானிக் அண்ணன் உள்ளே இருக்கிறார். முழுக்க மூடியிருந்தால் டீ குடிக்கப் போயிருக்கிறார். முழுக்கத் திறந்திருந்தால் யாரோடோ சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார், பத்து நிமிஷம் கழித்துப் போவது நல்லது.

நான் பள்ளத்தூரில் எலெக்ட்ரிக்கல் கடை வைத்திருப்பவன். மோட்டார் காயில், மிக்ஸி ரிப்பேர், வயரிங் சாமான். ரேஸ்காரன் என்று சொல்லிக்கொள்ளும் தகுதி எனக்கு இல்லை. ஆனால் வருஷத்துக்கு மூன்று நான்கு தடவை வண்டியை டாடா ஏஸில் ஏற்றிக்கொண்டு, கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் இருக்கிற கரி மோட்டார் ஸ்பீட்வேக்குப் போய்ச் சுற்றிவிட்டு வருவேன். (சோழவரத்தில் போர்க்கால விமான ஓடுபாதையில்தான் ஒரு காலத்தில் மெட்ராஸ் ரேஸ் நடந்தது. அதே காலத்து ஓடுபாதை ஒன்று நம் செட்டிநாட்டிலும் கால்நடைப் பண்ணைக்குள் கிடக்கிறது. அதில் மாடுதான் ஓடுகிறது.)

வண்டி 1994 மாடல் ஆர்.எக்ஸ். 100. எஸ்கார்ட்ஸும் யமஹாவும் சேர்ந்து 1985-ல் கொண்டுவந்து 1996-ல் நிறுத்திய அதே 98 சி.சி. டூ ஸ்ட்ரோக். கார்புரேட்டர்தான் பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்புவது. கம்பெனி போட்ட 20 மில்லிமீட்டர் மிக்குனி கார்புரேட்டரை எடுத்து வைத்துவிட்டு, 28 மில்லிமீட்டர் கெய்ஹின் பி.டபிள்யூ.கே. போட்டிருக்கிறேன். சிலிண்டரில் போர்ட் வேலை, எக்ஸ்பான்ஷன் சைலன்சர், ஆயில் பம்பைக் கழற்றிவிட்டு லிட்டருக்கு 40 மில்லி ஆயில் பெட்ரோலிலேயே கலக்கல். இதற்கெல்லாம் எவ்வளவு ஆனது என்பதை இங்கே எழுதினால் வீட்டில் படித்துவிடுவார்கள்.

கோளாறு இதுதான். ஊருக்குள் ஓட்டினால் வண்டி தேன். டிராக்கில் இறக்கினால் ஒன்றரை ரவுண்டு பறக்கும். அப்புறம் முழு ஆக்ஸிலேட்டரில் போய்க்கொண்டிருக்கும்போதே, பெட்ரோல் தீர்ந்த மாதிரி 'ஊ...ம்' என்று இழுவை செத்துவிடும். ஆக்ஸிலேட்டரை விட்டுவிட்டுக் கொஞ்ச தூரம் உருட்டினால் மறுபடி உயிர் வரும். பின்னால் வருகிறவன் கையை ஆட்டிக்கொண்டே தாண்டிப் போவான். கரி டிராக்கின் நீளம் 2.1 கிலோமீட்டர். ஒன்றரை ரவுண்டு என்றால் வண்டி உருப்படியாக ஓடிய தூரத்தை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அண்ணனிடம் போவதற்கு முன்னால் வேறு ஒரு ஊரில், பேர் பெற்ற ஒரு கடையில் காட்டினேன். கடையின் பெயர் வேண்டாம். ஏ.சி. ரூம், கண்ணாடிக் கதவு, சுவரெல்லாம் கோப்பை. 'லீன் ஆகுது சார், ஜெட் ஏத்தணும்' என்றார்கள். (லீன் என்றால் கலவையில் பெட்ரோல் குறைவு, ரிச் என்றால் அதிகம். ஜெட் என்பது பெட்ரோலை அளந்து விடுகிற, துவாரம் போட்ட சின்னப் பித்தளைத் திருகு.) 115 மெயின் ஜெட்டை எடுத்து 118 போட்டார்கள். சரியாகவில்லை. நடு ஆக்ஸிலேட்டரில் பெட்ரோலை அளக்கிற ஊசியான நீடிலின் கிளிப்பை, பெட்ரோல் கூடுகிற மாதிரி ஒரு காடி இறக்கினார்கள். சரியாகவில்லை. மூன்றாவது தடவை போனபோது 'இப்பப் பாருங்க' என்று கொடுத்தார்கள். இப்போது பாதி ஆக்ஸிலேட்டரில் வண்டி திக்கித் திக்கிப் போக ஆரம்பித்தது, பிளக்கு கரிச்சட்டி அடியாட்டம் கறுத்தது. பழைய கோளாறோ அப்படியே இருந்தது. மூன்று தடவைக்கும் சேர்த்து ஏழாயிரத்துச் சொச்சம்.

கழனிவாசல் கார் செட்டுக்கு என்னை அனுப்பியது ஆத்தங்குடியில் கல் பட்டறை வைத்திருக்கிற ஒரு நண்பர். அவரிடம் பழைய ஜாவா ஒன்று இருக்கிறது. 'அவரு பேசுறதைக் கேட்டுக் கோவிச்சுக்காதே, வேலையைப் பாரு' என்று சொல்லி அனுப்பினார்.

நான் வண்டியை நிறுத்தியதும் பேச ஆரம்பித்தேன். லீன், ரிச், ஜெட் நம்பர் என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் கொட்டினேன். அவர் கையில் இருந்த துணியை மடித்துக்கொண்டே கேட்டார். முடித்ததும் ஒரே கேள்வி.

"டேங்க்கு நெறயா இருந்தா சீக்கிரம் நிக்கிதா, கொறச்சலா இருந்தா சீக்கிரம் நிக்கிதா தம்பி?"

யோசித்துப் பார்த்தேன். இதை நான் கவனித்திருந்தேன், ஆனால் அர்த்தம் பண்ணிக்கொண்டதில்லை. நிறைய இருந்தால்தான் சீக்கிரம் நின்றது. டேங்கில் கொஞ்சம்போல இருக்கும்போது மூன்று ரவுண்டுகூடத் தாங்கியது. பெட்ரோல் குறைவாக இருக்கும்போது நின்றால் நியாயம் இருக்கிறது. நிறைய இருக்கும்போது நிற்பானேன்? எடை காரணமாக இருக்குமோ என்றுகூட நினைத்திருக்கிறேன்.

"சரி, வண்டிய நிழல்ல விடுங்க" என்றார். கார்புரேட்டர் பக்கமே திரும்பவில்லை.

பால் புட்டி ஒன்றை எடுத்துவந்தார். குழந்தைக்குப் பால் கொடுக்கிற, மில்லி கோடு போட்ட பழைய புட்டி. கார்புரேட்டரில் இருந்து பெட்ரோல் குழாயை உருவிப் புட்டிக்குள் விட்டார். டேங்க் அடியில் பெட்ரோலைத் திறந்து மூடுகிற காக்கைத் திறந்தார். முதலில் நன்றாகக் கொட்டியது. ஐம்பது மில்லி கோட்டைத் தாண்டும்போது மெலிந்தது. நூறை நெருங்குவதற்குள் நூலாகி, அப்புறம் சொட்டாகி, நின்றே போனது. டேங்க் முக்கால்வாசி நிரம்பி இருக்கிறது, காக் திறந்திருக்கிறது, பெட்ரோல் வரவில்லை. அண்ணன் என்னைப் பார்த்தார். டேங்க் மூடியைத் திருகினார். 'ஸ்ஸ்ஸ்' என்று ஒரு சத்தம், நல்ல பாம்பு மாதிரி. புட்டியில் பெட்ரோல் மறுபடி தாரையாக விழுந்தது.

"எண்ணெய் டின்னுல எத்தன ஓட்ட போடுவாக உங்க வீட்டுல?"

"ரெண்டு."

"ஏன்?"

பதில் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது? ஒரு ஓட்டையில் எண்ணெய் வெளியே வர வேண்டுமென்றால் இன்னொரு ஓட்டையில் காற்று உள்ளே போக வேண்டும். எங்கள் ஆச்சிக்குத் தெரிந்த விஷயம். டேங்க் மூடியில் காற்று போகிற வழி அடைத்திருந்தால், பெட்ரோல் இறங்க இறங்க உள்ளே வெற்றிடம் உண்டாகிப் பெட்ரோலை மேலே பிடித்துக்கொள்ளும். டேங்க் நிறைந்திருக்கும்போது மேலே காற்று இடம் குறைவு, அதனால் கொஞ்சம் பெட்ரோல் இறங்கினாலே பிடித்துவிடும். பாதி காலியாக இருந்தால் காற்று இடம் அதிகம், கொஞ்ச நேரம் தாங்கும். ஊருக்குள் ஓட்டும்போது பெட்ரோல் செலவு கம்மி, எங்கேயோ கசிகிற காற்றே போதும். முழு ஆக்ஸிலேட்டரில் அது பத்தாது. அவ்வளவுதான் சமாசாரம்.

ஆனால் மூடியின் வழி ஏன் அடைத்தது? இதுதான் எனக்கு வெட்கமான இடம். போன வருஷம் டேங்குக்குப் புது பெயின்ட் அடித்தேன். பிரேக் பிடிக்கும்போது மூடியிலிருந்து பெட்ரோல் தெறித்துப் பெயின்ட் வெளுக்கிறதே என்று, பழைய சைக்கிள் டியூப்பை வட்டமாக வெட்டி மூடிக்குள் வாஷராகப் போட்டேன். நானே. என் கையாலேயே, எங்கள் கடை கத்திரிக்கோலாலேயே. அதைப் போட்ட இரண்டாவது வாரத்தில் டிராக்குக்குப் போனேன். அன்றைக்கு ஆரம்பித்த கோளாறுக்குத்தான் ஏழாயிரத்துச் சொச்சமும் மூன்று மாசமும்.

அந்த வாஷர் இப்போது பட்டறைச் சுவரில், ஒரு ஆணியில் தொங்குகிறது. அந்த ஆணியில் வேறு ஆட்களின் கைவண்ணமும் இருக்கிறது: நசுங்கிய குழாய், சணல் திணித்த ஃபில்டர், இத்யாதி.

இதோடு முடித்து அனுப்பியிருந்தால் நூற்றைம்பது ரூபாய்தான். பார்ப்பதற்கு அவர் வாங்கும் கூலி அது. வேலை செய்தாலும் செய்யாவிட்டாலும் உண்டு, அதில் பேரம் கிடையாது. எனக்கு இது சரியாகத்தான் படுகிறது. கழற்றி மாட்டினால் காசு, கண்டுபிடித்தால் ஓசி என்று நாம்தான் மெக்கானிக்குகளைப் பழக்கி வைத்திருக்கிறோம்.

ஆனால் பழைய கடைக்காரர்கள் செய்த கோலத்தைச் சரி செய்ய வேண்டுமே. அதற்காக வண்டியை விட்டுவிட்டு வந்தேன். மூன்று நாள் என்றார். பதினோரு நாள் ஆனது. இரண்டு தடவை நடுவில் போய் உட்கார்ந்து வேலையைப் பார்த்தேன், அந்தப் பொழுதுக்காகத்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன்.

கார்புரேட்டரைப் பிரித்து வைப்பது ஒரு வெள்ளை எனாமல் தட்டில். நீல விளிம்பு போட்ட, அந்தக் காலத்தில் கப்பலில் வந்த தட்டு. முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடையில் இதற்கே நல்ல விலை சொல்வார்கள். இவர் அதில் ஜெட்டுகளை உருட்டிக்கொண்டிருக்கிறார். காரணம் கேட்டேன். வெள்ளைத் தட்டில் சின்னச் சாமான் எது விழுந்தாலும் கண்ணில் படும், பெட்ரோலும் தின்னரும் பட்டால் பிளாஸ்டிக் மாதிரி இளகாது, ஓரம் தூக்கியிருப்பதால் உருண்டு ஓடாது. வேலை மேஜையும் பழைய வீட்டு பர்மா தேக்கு விட்டம்தான். ஆக, மெக்கானிக் பட்டறையில் எனக்குத் தெரிந்த வரை இதைவிடப் பணக்காரப் பட்டறை கிடையாது.

மெயின் ஜெட்டைக் கழற்றி நம்பர் பார்த்தார். 118. கெய்ஹின் ஜெட்டில் நம்பர் என்பது துவாரத்தின் அளவு. 118 என்றால் 1.18 மில்லிமீட்டர். (மிக்குனி கணக்கு வேறு. அது பாயும் அளவை வைத்து. அதனால் 'மிக்குனியில் 150 போட்டேன், கெய்ஹினிலும் 150 போடு' என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.) அண்ணனிடம் ஒரு மரப்பெட்டியில் அளவுக் கம்பிகள் இருக்கின்றன, ஊசி மாதிரி, ஒவ்வொன்றிலும் அளவு பொறித்தது. 1.18 கம்பி ஜெட்டுக்குள் லொடலொடவென்று ஆடியது. 1.25 போனது. 1.30 போனது. பெரிய கடையில் மூன்றாவது தடவை என்ன செய்தார்கள் என்பது அப்போதுதான் புரிந்தது. பெரிய ஜெட் வாங்கிப் போட அலுத்துக்கொண்டு, இருந்த ஜெட்டையே துளையிட்டு அகலப்படுத்திவிட்டு, 118 என்ற நம்பரோடு எனக்கு மாட்டித் தந்திருக்கிறார்கள். அப்படியே லென்ஸில் காட்டினார். துவாரத்தின் சுவரில் திருகு திருகாகக் கோடு. வழவழப்பாக இருக்க வேண்டிய இடம் அது.

அவருக்குக் கோபம் வந்த ஒரே நேரம் இதுதான். அடைப்பெடுக்க ஜெட்டுக்குள் கம்பி விடுகிறவர்களை அவருக்கு ஆகாது. கேஸ் வெல்டிங் டிப் சுத்தம் செய்கிற கம்பிச் செட்டை நிறையப் பேர் ஜெட்டுக்கும் பயன்படுத்துகிறார்கள். அது கம்பி இல்லை, அரம். விட்டு எடுத்தால் பித்தளை தேயும். அவர் முதலில் கிளீனர் ஸ்ப்ரே அடிப்பார், அப்புறம் கம்ப்ரஸர் காற்று. அதற்கும் அடைப்பு போகாவிட்டால் மட்டும், இழை வயரில் ஒரே ஒரு செம்பு இழையை உருவி மெல்ல விடுவார். பித்தளையைவிடச் செம்பு மென்மையானது, ஜெட்டைக் கீறாது. அடுத்த தடவை போனபோது என் கடையிலிருந்து ஒரு முழம் இழை வயர் கொண்டுபோய்க் கொடுத்தேன். பில்லில் கழிக்கவில்லை.

பெட்ரோல் வருகிற பாதையில் இன்னும் இரண்டு குற்றம் கண்டுபிடித்தார். ஒன்று, நான் அழகுக்கு மாட்டியிருந்த பெரிய பேப்பர் ஃபில்டர். அது பம்ப் அழுத்தத்தில் ஓடும் கார்களுக்கானது. நம் வண்டியில் பெட்ரோல் தன் எடையில் இறங்குகிறது, பேப்பரைத் தாண்ட அதற்குத் தெம்பு பத்தாது. அதை எடுத்துவிட்டு நைலான் வலை ஃபில்டர் போட்டார். இரண்டாவது, டேங்குக்குள் துரு. காக்கின் வலையில் செம்மண் மாதிரி படிந்திருந்தது. மின்வேதியியல் ஆராய்ச்சிக்காக அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1953-ல் சிக்ரி திறந்த ஊர் இது. துருப்பிடிப்பதைத் தடுக்க ஆராய்ச்சி பண்ணுகிற இடத்துக்கு நாலு தெரு தள்ளி என் டேங்க் துருப்பிடித்துக்கொண்டிருந்தது.

கார்புரேட்டரின் அடிக் கிண்ணத்தில் பெட்ரோல் எந்த மட்டத்தில் நிற்க வேண்டும் என்று வைப்பது, அதில் மிதக்கிற ஃப்ளோட். அந்த மட்டத்தை அவர் பார்த்த விதம் எனக்குப் பிடித்தது. பெரும்பாலும் கார்புரேட்டரைக் கவிழ்த்து ஸ்கேல் வைத்து அளப்பார்கள். அவர் அதையும் செய்தார், ஆனால் நம்பவில்லை. ஃப்ளோட் கிண்ணத்தின் அடியில் இருக்கிற வடிகால் முனையில் உள்ளே தெரிகிற ஒரு பிளாஸ்டிக் டியூபை மாட்டி, மேலே வளைத்து, கார்புரேட்டர் உடம்போடு ஒட்டிப் பிடித்தார். காக்கைத் திறந்ததும் டியூபில் பெட்ரோல் ஏறி ஒரு மட்டத்தில் நின்றது. கிண்ணத்துக்குள் எந்த மட்டமோ டியூபிலும் அதே மட்டம். கொத்தனார் டியூப் மட்டம் பிடிப்பது போலவே. கிண்ண விளிம்புக்குக் கீழே நிற்க வேண்டியது, விளிம்பைத் தாண்டி ஏறிக்கொண்டே இருந்தது. பெட்ரோல் வரத்தை அடைக்கிற ஃப்ளோட் பின்னின் ரப்பர் நுனி உப்பி, உட்காரும் இடத்தில் சரியாக உட்காரவில்லை.

உப்பியதற்குக் காரணம் கேட்டதற்குப் பால் புட்டியை மறுபடி எடுத்தார். தண்ணீர் 20 மில்லி ஊற்றினார். அதன்மேல் நான் அன்றைக்குப் பங்க்கில் போட்டுவந்த, ஆயில் கலக்காத பெட்ரோல் 100 மில்லி. மூடிக் குலுக்கிவிட்டு மேஜையில் வைத்தார். கொஞ்ச நேரத்தில் இரண்டும் பிரிந்தன. அடியில் இருந்த தண்ணீர்க் கோடு 20-ல் இல்லை, 40-க்குக் கொஞ்சம் கீழே இருந்தது. பெட்ரோலில் இருந்த எத்தனால் தண்ணீரோடு சேர்ந்துகொண்டு இறங்கிவிட்டது. இருபது சதவீதம் எத்தனால் என்று செய்தியில் படிப்பது வேறு, புட்டியில் கோடு நகர்வதைப் பார்ப்பது வேறு. பழைய காலத்து ரப்பர் இதற்காகச் செய்யப்படவில்லை. அதோடு, ஒரு பங்கு பெட்ரோல் எரிய எடையில் கிட்டத்தட்ட 14.7 பங்கு காற்று வேண்டும் என்றால், எத்தனாலுக்கு 9 பங்கு போதும். அதனால் பழைய பெட்ரோலுக்கு வைத்த ஜெட்டிலேயே இப்போதைய பெட்ரோல் ஓடினால் கலவை கொஞ்சம் வறண்டுதான் இருக்கும். ஆக, பெரிய கடைக்காரர்கள் 'லீன்' என்று சொன்னதில் துளி உண்மை இருந்தது. நின்றதற்குக் காரணம் அது இல்லை, அவ்வளவுதான். ஃப்ளோட் பின்னும் ஓ-ரிங்குகளும் புதுசு போட்டார். ஆக்ஸிலேட்டர் கொடுக்காமல் வண்டி நின்று ஓடுகிற ஐடிலுக்கான பைலட் ஜெட் 42-லிருந்து 45. மெயின் ஜெட் உண்மையான 118.

இன்னொரு விஷயமும் சொன்னார், எனக்கு அது புதுசு. 'பயத்துல ஆயிலைக் கூடுதலா ஊத்துறாக' என்றார். ஆயில் கூடினால் அதே ஜெட் வழியாகப் போகிற பெட்ரோல் குறையும். பிஸ்டன் ஜாம் ஆகாமல் இருக்க ஆயில் கூட்டுகிறவன் கலவையை வறட்சியாக்கிக்கொள்கிறான்.

கார்புரேட்டரை இன்ஜினோடு சேர்க்கிற மேனிஃபோல்டு ரப்பரில் கிளீனர் அடித்துப் பார்த்தார், ஐடில் மாறவில்லை, காற்றுக் கசிவு இல்லை. அது ஒரு நிமிஷ வேலை. ஐடில் தானாக ஏறி இறங்குகிறவர்கள் முதலில் இதைப் பாருங்கள்.

அப்புறம் ஆக்ஸிலேட்டர் கைப்பிடியில் வெள்ளை டேப் ஒட்டினார். ஹேண்டில்பாரில் ஒரு கோடு, கைப்பிடியில் நான்கு கோடு: மூடியது, கால், அரை, முக்கால். 'எந்தக் கோட்டுல மக்கர் பண்ணுதுன்னு மட்டும் சொல்லுங்க. லீன், ரிச்சு எல்லாம் நான் பாத்துக்கிறேன்' என்றார். ஆரம்பக் கோட்டுக்குப் பக்கத்தில் கோளாறு என்றால் பைலட் ஜெட்டும், அதற்குக் காற்று விடுகிற ஏர் ஸ்குரூவும். கால் வரை, ஆக்ஸிலேட்டரோடு ஏறி இறங்குகிற ஸ்லைடின் வெட்டு. காலிலிருந்து முக்கால் வரை நீடில். அதற்கு மேலே மெயின் ஜெட். பெரிய கடையில் என்னிடம் யாரும் 'எந்த இடத்தில்' என்று கேட்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அரைக் கோட்டில் திக்கியது. நீடில் கிளிப்பை பழையபடி ஒரு காடி ஏற்றினார், திக்கல் போனது. ஏர் ஸ்குரூ ஒன்றரைச் சுற்றில் நின்றது. இரண்டரைச் சுற்றுக்கு மேல் திறந்தால்தான் ஐடில் நன்றாக இருக்கிறது என்றால் பைலட் ஜெட் பெரிசு, ஒரு சுற்றுக்குள்ளேயே என்றால் சின்னது. இதை அவர் சொன்னபோது டைரியில் எழுதிக்கொண்டேன்.

கடைசியில் பிளக்கு. புது பிளக்கு போட்டு, ஆளில்லாத நேரமாகப் பார்த்து ஒரு இழுப்பு இழுத்து, முழு ஆக்ஸிலேட்டரில் இருக்கும்போதே கிளட்சைப் பிடித்து இன்ஜினை அணைத்து, உருட்டிக்கொண்டு வந்து கழற்ற வேண்டும். ஐடிலில் ஓட்டிக்கொண்டு வந்தால் அந்தக் கரி மேலே படிந்து பொய் சொல்லும். பீங்கானின் நுனியைப் பார்க்காமல் லென்ஸ் வைத்து உள்ளே, அடி வளையத்தைப் பார்த்தார். நெத்திலிக் கருவாட்டுப் பழுப்பில் மெல்லிய ஒரு வளையம் இருந்தது. 'இது போதும்' என்றார்.

கிளம்பும்போது ஒரு விபூதி டப்பாவைக் கொடுத்தார். பிள்ளையார்பட்டியில் விற்கிற சின்ன பிளாஸ்டிக் டப்பா. உள்ளே பஞ்சு வைத்து இரண்டு மெயின் ஜெட், 115-ம் 120-ம். நம் ஊர் வெயிலில் காற்று இளகியிருக்கும், கோயம்புத்தூரில் காலை நேரம் குளிர்ந்து கனமாக இருக்கும், அப்போது ஒரு நம்பர் கூட்ட வேண்டி வரலாம். ஆனால் அந்த ஊர் நம்மைவிட மேட்டில் இருக்கிறது, அதற்கு ஒரு நம்பர் குறைக்க வேண்டி வரலாம். 'ஒண்ணுக்கு ஒண்ணு கழிஞ்சு 118-லயே நிக்கும். இருந்தாலும் வச்சுக்கங்க' என்றார்.

நின்றது. காலை ஒரு செஷன், மதியம் ஒரு செஷன். டப்பாவைத் திறக்கவே இல்லை. முதல் செஷனில் ஆறாவது ரவுண்டில், பழைய இடத்தில், பழக்க தோஷத்தில் ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் விட்டுவிட்டேன். வண்டி நிற்கவில்லை, நான்தான் நின்றேன்.

பில் விவரம்: பார்த்த கூலி 150, கார்புரேட்டர் முழு சர்வீஸ் 900, ஜெட்டுகளும் ஃப்ளோட் பின்னும் ஓ-ரிங்கும் சேர்த்து 1,100, டேங்க் துரு எடுத்தது 600, ஃபில்டரும் குழாயும் 180. மொத்தம் 2,930. பில் என்பது சிகரெட் அட்டையின் பின்னால் எழுதிக் கொடுப்பதுதான். ஜி-பே கிடையாது, ரொக்கம் மட்டும்.

குறைகள் இல்லாமல் இல்லை. போன் எடுக்கவே மாட்டார். சொன்ன தேதியை நம்பி டிராக்குக்குப் பணம் கட்டிவிடாதீர்கள், நான் கட்டிவிட்டு ஒரு தேதியை இழந்தேன். எனக்கு முன்னால் வந்த பையன் ஒருவன், ஆன்லைனில் மலிவாக வாங்கிய போலி பி.டபிள்யூ.கே.யைக் கொண்டுவந்தான். அதை எடுத்துப் பார்த்துவிட்டு, எல்லார் முன்னாலும் அவனை அவர் பேசிய பேச்சு தேவையில்லாதது. போலியில் ஸ்லைடு வார்ப்பு சரியில்லை, ஜெட் நம்பர் நம்ப முடியாது என்பதெல்லாம் உண்மைதான். கெய்ஹின் என்ற கம்பெனியே 2021-ல் ஹிட்டாச்சி ஆஸ்டெமோவில் கலந்துவிட்டது, ஒரிஜினலைத் தேடிக் கண்டுபிடிப்பது லேசு இல்லை. பதினெட்டு வயசுப் பையனுக்கு அதை மெல்லச் சொல்லலாம். உட்காரவும் இடம் கிடையாது. புரட்டிப் போட்ட ஆயில் டின்தான்.

கார்புரேட்டருக்குப் பதில் எலெக்ட்ரானிக் கணக்கில் பெட்ரோல் பீய்ச்சுகிற எஃப்.ஐ. வண்டிகளை அவர் தொடுவதில்லை. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 புகை விதி வந்ததிலிருந்து புது பைக்குகளில் கார்புரேட்டர் பெரும்பாலும் இல்லாமல் போய்விட்டது, அப்புறம் தொழில் கற்க வந்த பையன்கள் பலருக்கு இதைப் பிரிக்கவே தெரியாது. இவரிடமும் உதவிக்குப் பையன் இல்லை. அது அவர் வாயால் வந்த வினையாகவும் இருக்கலாம்.

பழைய டூ ஸ்ட்ரோக், ஜாவா, புல்லட், கார்புரேட்டர் போட்ட டிராக் வண்டி வைத்திருப்பவர்கள் தாராளமாகப் போகலாம். அவசரக்காரர்கள், 'ஜெட்டை மட்டும் மாத்திக் கொடுங்க' என்று கேட்கிறவர்கள் போக வேண்டாம், கொடுக்க மாட்டார். காலை பத்து மணிக்கு மேல், மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் போங்கள். வண்டியில் இருக்கிற பிளக்கைத் துடைக்காமல் அப்படியே கொண்டுபோங்கள், சுத்தம் செய்துகொண்டு வந்தால் திட்டு விழும். ஓட்டி முடித்ததும் காக்கை மூடி, ஃப்ளோட் கிண்ணத்துப் பெட்ரோலை வடித்துவிட்டு வண்டியை நிறுத்தச் சொல்லியிருக்கிறார். நான் இரண்டு வாரம் மறந்துவிட்டேன். கிண்ணத்தின் அடியில் வெள்ளையாக ஏதோ பூத்திருக்கிறது, காலையில் ஸ்டார்ட் ஆக ஏழெட்டு உதை கேட்கிறது. வியாழக்கிழமை கொண்டுபோக வேண்டும். என்ன சொல்வார் என்று தெரியும், இருந்தாலும் நூற்றைம்பது ரூபாயை எடுத்துவைத்துவிட்டேன்.